கயிற்றில் இறங்கும் திட்டம்

ஆவடிக்கு மேற்கே எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம் வெறும் புதர்க்காடு. சுற்றுச்சுவருக்குள்தான் இருந்தது, ஆனால் யாரும் அங்கே போவதில்லை. வேலிகாத்தான் முள், இடுப்பளவு புல், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் ஒரு தாங்கல், அதைத் தாண்டி மண்ணுக்குள் பாதி புதைத்துக் கட்டிய நான்கு கிடங்குகள். கிடங்குகளில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பக்கத்தில் தீ வரக்கூடாது என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தது. அதிலிருந்தே என்ன இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டோம்.

நான் தொழிற்சாலையின் தீயணைப்பு நிலையத்தில் மேற்பார்வையாளனாக இருந்தேன். எண்பதுகளின் பிற்பாதி. குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கோடையில் அந்தப் புதர்க்காடு ஒரு தடவையாவது பற்றிக்கொள்ளும். ரயில் பாதையோரம் யாராவது பீடித்துண்டு வீசியிருப்பார்கள், அல்லது வெயிலே போதுமானதாக இருந்திருக்கும். நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். நடுவே இருந்த வாய்க்கால் வரைக்கும்தான் வண்டி போகும். அதற்கு மேல் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைப்போம்.

ஒரு வருடம் ஓட்டுநர் வாய்க்காலைத் தாண்டிப் பார்க்கலாம் என்று நினைத்துவிட்டார். முன்சக்கரம் இரண்டும் உள்ளே இறங்கி, வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. தீ எங்களைக் கடந்து போயிற்று. கிடங்குகளுக்கு நூறு அடி முன்னால் காற்று விழுந்ததால் தானாகவே அணைந்தது. அறிக்கையில் "தீ கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது" என்று எழுதினேன். யார் கொண்டுவந்தார்கள் என்று எழுதவில்லை.

பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி அந்த அறிக்கையைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் வெளிநாட்டில் ஆறு வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர். அங்கே மலைக்காடுகளில் தீப்பிடித்தால் ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுபோய்க் கயிற்றில் இறக்குகிறார்களாம்.

"வாய்க்கால் இருக்கு, வண்டி போகாது. அதானே உங்க பிரச்சினை?" என்றார்.

"ஆமாம் சார். வாய்க்கால் மேல ஒரு சின்னப் பாலம் போட்டாக்கூட..."

"பாலம் சிவில் பிரிவு வேலை. நம்ம பிரிவுல என்ன செய்யலாம்னு பாருங்க."

இப்படித்தான் நான் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் திட்டத்தின் பொறுப்பாளன் ஆனேன். உயரம் என்றால் எனக்கு ஆகாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பெயர் கொடுக்கச் சொன்னபோது பதினான்கு பேர் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் ஏறி உட்கார்ந்து சுற்றி வருவது என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் வெளியே இறங்க வேண்டும் என்று விளக்கியதும் ஆறு பேர் மிஞ்சினார்கள். அந்த ஆறு பேரில் முதல் ஆள் பாய்.

பாய் பூந்தமல்லிக்காரர். அவருடைய அண்ணன்மார்கள் அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் லாரி தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் தப்பித்துத் தீயணைப்புக்கு வந்துவிட்டார். முடிச்சு, தையல், கயிறு எதுவாக இருந்தாலும் அவர் கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பதவியில் நான் மேலே. ஆனாலும் நான் அவரை நீங்க என்பேன், அவர் என்னை நீ என்பார். இரண்டு பேருக்கும் அதில் குறை இருக்கவில்லை.

அதிகாரி கொடுத்த கையேடு நாற்பத்திரண்டு பக்கம், சைக்ளோஸ்டைல் செய்தது. நான் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். தைரியத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. எல்லாம் தொட்டுப் பார்ப்பதைப் பற்றித்தான். இறங்குகிறவனின் இடுப்புப் பட்டை, கொக்கி, கயிறு ஓடும் எட்டு வடிவ வளையம், கையுறை, தலைக்கவசம் எல்லாவற்றையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் கணக்கில் இல்லை. கதவருகே ஒருவன் படுத்துக்கொண்டு கீழே தரையைப் பார்க்க வேண்டும், கையசைத்து இறக்க வேண்டும். அந்த ஆள் நான்.

கையேட்டில் நான் சிவப்பு மையில் கோடு போட்டது ஒரே ஒரு பத்தி. விமானியோ, கதவருகே இருப்பவனோ, இறங்குகிறவனோ, யார் வேண்டுமானாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் அனைவரும் தரைக்கு வந்த பிறகு.

இதை ஆறு பேருக்கும் தமிழில் விளக்கினேன். பாய் கேட்டார்: "அப்போ நா வோணாம்னா, நீ இன்னா, ஏதுன்னு கேக்க மாட்ட?"

"கேக்க மாட்டேன்."

"ஆபீசரு கேட்டா?"

"அவரு ஹெலிகாப்டர்ல வர மாட்டாரு."

"அது கரீட்டு," என்றார் பாய்.

மூன்று கயிறுகள் வந்தன. வெள்ளை நைலான், பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நாள் பிரித்தோம், யார் இறங்கினார்கள், எத்தனை தடவை, வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது, யார் சுருட்டி வைத்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கயிற்றின் முழு நீளத்தையும் கையுறை இல்லாமல் விரலுக்கு நடுவே விட்டுத் தடவிப் பார்ப்பேன். எங்காவது விறைப்பாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, பிசுபிசுப்பு இருக்கிறதா என்று. கொஞ்ச நாளில் வீட்டில் துணி காயப்போடும் கொடியையும் அப்படித் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். என் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "அதுல புடவைதாங்க இறங்குது, ஆளு இல்ல," என்றாள்.

பயிற்சிக்குப் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடைத்தது. நாற்பது அடிக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் நிற்காததால் கைவிட்ட தொட்டி. முதல் முப்பது தடவை மணல் மூட்டைதான் இறங்கியது. முப்பத்தோராவது நான் இறங்கினேன், பொறுப்பாளன் இறங்காமல் மற்றவர்களை இறங்கச் சொல்ல முடியாது என்பதால். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். கால் தரையைத் தொட்ட பிறகும் கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்தேன். "வந்துட்ட அண்ணாத்தே, கண்ணத் தொற," என்று பாயின் குரல் கேட்டது.

இரண்டாவது மாதத்தில் ஒருவருடைய சட்டை நுனி வளையத்துக்குள் இழுபட்டுக் கயிற்றோடு சேர்ந்து நெரிந்துகொண்டது. மனிதர் தரைக்கு இருபது அடி மேலே, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் தொங்கினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. இன்னொரு கயிற்றில் பாய் இறங்கிப் போய், அவரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சட்டையைக் கத்தியால் அறுத்து விடுவித்தார். கீழே வந்ததும் தொங்கியவர் முதலில் கேட்டது, சட்டை அரசாங்கத்துடையதா சொந்தமா என்பது. அரசாங்கத்துடையதுதான். அன்றிலிருந்து தொட்டுப் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் சட்டை நுனியும் சேர்ந்தது.

பிறகு ஹெலிகாப்டர் வந்தது. பக்கத்து விமானத் தளத்திலிருந்து மாதத்துக்கு இரண்டு நாள் தருவதாக ஏற்பாடு. சிறியது. விமானியையும் என்னையும் தவிர நான்கு பேர் உட்காரலாம். விமானிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. இருவரும் சுமாரான ஆங்கிலத்தில் மிகவும் குறைவாகப் பேசிக்கொண்டோம். அதனால் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போயிற்று. முதல் நாள் அவர் என் கையேட்டை வாங்கிப் புரட்டி, நான் சிவப்புக் கோடு போட்டிருந்த பத்தியைப் படித்தார். "எனக்கும் இதேதான்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

முதல் ஒத்திகையில் ஹெலிகாப்டர் தொட்டி மைதானத்துக்கு மேல் எழுபது அடியில் நின்றது. பாயும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். இறக்கம் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. ஆனால் அந்தக் காற்றில் சைக்கிள் கொட்டகையின் தகரம் இரண்டு பெயர்ந்து போயின. குவார்ட்டர்ஸில் மூன்று தெருக்களின் துவைத்த துணிகள் கொடியிலிருந்து கிளம்பி விளையாட்டு மைதானத்தில் ஒன்றாக விழுந்தன. மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பதினைந்து பெண்கள் நின்றார்கள். எல்லார் வீட்டிலும் ஒரே காக்கி, ஒரே வெள்ளை பனியன். எது யாருடையது என்று பிரித்துக் கொடுப்பதற்குள் இருட்டிவிட்டது. ஒரு சட்டைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். அது என்னுடையது என்பதை நான் சொல்லவில்லை. திட்டத்தின் நடைமுறையில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: பறப்பதற்கு முந்தைய நாள் குவார்ட்டர்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று கயிறுகளில் ஒன்றைத் தொட்டியிலேயே தேய்த்து முடித்துவிட்டோம். ஒரு கயிற்றில் இத்தனை இறக்கம்தான் என்று கையேட்டில் இருந்த எண்ணிக்கை ஆனதும் அதை ஒதுக்கினேன். மாற்றுக் கயிறு கேட்டு எழுதிய கோப்பு போய்க்கொண்டே இருந்தது. ஆகவே இரண்டுதான் மிச்சம். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. பாய் எப்போதும் இடது பக்கம்.

கோடை தொடங்குவதற்கு முன் அதிகாரி ஒரு செயல் விளக்கம் வைக்க முடிவு செய்தார். தில்லியிலிருந்து பெரியவர்கள் இருவர் வருகிறார்கள். புதர்க்காட்டு ஓரத்தில் கொஞ்சம் புல்லை நாங்களே பற்றவைத்து, ஹெலிகாப்டரில் வந்து இறங்கி நாங்களே அணைக்க வேண்டும். ஷாமியானா, நாற்காலி, டீ. ஊழியர்களின் குடும்பங்களும் வந்து பார்க்கலாம் என்று சுற்றறிக்கை போட்டார்கள். பாய் பூந்தமல்லியிலிருந்து தன் மனைவி, இரண்டு மகள்கள், மூன்று அண்ணன்கள், அண்ணிகள் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். அண்ணன்கள் அன்று கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். அந்தக் கடை பண்டிகைக்குக்கூட அரைநாள்தான் சாத்துவார்கள்.

அன்று காலை ஆறரைக்குக் கயிற்று அறையைத் திறந்தேன். வலது பக்கக் கயிறு இருந்தது. இடது பக்கக் கயிறு இல்லை.

ஸ்டோர்காரரைத் தேடிப் பிடித்தேன். அவர் பதறவில்லை. "நேத்து சாயங்காலம் பந்தல்காரங்க கயிறு பத்தலைன்னாங்க சார். வர்றது பெரிய ஆளுங்க, அழுக்குக் கயிறு வேணாம், வெள்ளையா ஒண்ணு குடுங்கன்னாங்க. சாவி என்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு."

போய்ப் பார்த்தேன். ஷாமியானாவின் மேற்குக் கம்பத்தை என் கயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசை நாற்காலிகளுக்கு நேர் மேலே. ஒரு முனை இரும்பு முளையில் சுற்றியிருந்தது. முளையைத் தாண்டித் தரையில் கிடந்த மீதிக் கயிற்றுக்குப் பக்கத்தில் டெம்போ வந்து போன சக்கரத் தடம். கயிற்றின் மேல் ஏறியதா, பக்கத்தில் போனதா என்று சொல்ல முடியவில்லை. அவிழ்க்கச் சொன்னேன். ஷாமியானா ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

கயிற்றை நிலையத்துக்குக் கொண்டுவந்து முழுவதும் தடவிப் பார்த்தேன். இரண்டு தடவை. ஒரு குறையும் கையில் தட்டவில்லை. பனியில் நனைந்து கொஞ்சம் ஈரம், கொஞ்சம் மண். அவ்வளவுதான். ஆனால் நோட்டில் நேற்று மாலையிலிருந்து இன்று காலை வரை எழுத எனக்கு எதுவும் இல்லை. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் அது எங்கே எப்படி இருந்தது என்று சத்தியம் செய்ய ஒருவரும் இல்லை.

அதிகாரி எட்டு மணிக்கு வந்தார். சொன்னேன்.

"பாத்தீங்களா? எங்கயாவது அறுந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரியல சார். அதான் பிரச்சினை."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு அவங்க வந்துடுவாங்க. அந்தக் கயித்தையே போடுங்க. நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு ஷாமியானாவை நிமிர்த்தப் போனார்.

அவர் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னால் நான் சரி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், குவார்ட்டர்ஸ், பதவி உயர்வு அடுத்த வருடம். ஆகவே வண்டியிலிருந்து கோடாலியை எடுத்துக்கொண்டு வந்து, கயிற்றை ஒரு கட்டையின் மேல் வைத்து நடுவில் வெட்டினேன். நைலான் சுலபத்தில் வெட்டுப்படாது. நான்கு போடு போட வேண்டியிருந்தது. மூன்றாவதில் பாய் வந்து நின்றார். சலவை செய்த காக்கி, புதுப் பாலிஷ் போட்ட பூட்ஸ்.

"இன்னா அண்ணாத்தே பண்ற? அது என் கயிறு!"

நடந்ததைச் சொன்னேன். விமானியிடமும் போய்ச் சொன்னேன். ஒரே கயிறு என்றால் வலது பக்கம் மட்டும், ஒருவர் பின் ஒருவராக, இரண்டு பேர்தான் என்றார் அவர். அதற்கு மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கத் தனக்கு விருப்பமில்லை என்றார். வலது பக்கத்துக்கு ஒத்திகை பார்த்த இரண்டு பேர் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

"அப்போ என்னிய வலது பக்கம் வுடு," என்றார் பாய். "அவனுங்கள்ல ஒருத்தன் நிக்கட்டும்."

"ஒத்திகை பார்க்காத பக்கத்துல அன்னிக்கே ஆளை மாத்தக்கூடாது. கையேட்டுல இருக்கு."

"கையேடு எய்துனவன் பூந்தமல்லிலேர்ந்து குடும்பத்த இட்டாந்தானா? என் ஊட்டாளுங்க பஸ்ஸு புட்ச்சி வந்துகீறாங்க. என் பொண்ணுங்க முன்னால வந்து குந்திக்கினு கீது. நா இன்னான்னு சொல்றது?"

"தெரியல பாய். வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். கையுறைகளைக் கழற்றி என் மேசையின் மேல் ஒழுங்காக, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். பிறகு போய்த் தன் குடும்பத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

செயல் விளக்கம் நடந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். புல் அணைந்தது. தில்லிக்காரர்களில் ஒருவர் நன்றாக இருந்தது என்றார், மற்றவர் ஹெலிகாப்டர் காற்றில் பறந்த தன் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான்கு பேர் இறங்க வேண்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. பாயின் இளைய மகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "எங்க வாப்பா எப்போ எறங்குவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாக என் மனைவி பிறகு சொன்னாள். அவர்களுக்குப் பின்வரிசையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அரசாங்கப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதுவதற்கு முன் எனக்கே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. வெட்டிய துண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். எனக்கு முன்னால் பாய் அங்கே இருந்தார். மணல் மூட்டைகளை அவரே ஏற்றி வைத்திருந்தார். துண்டை வாங்கிக் கட்டினார்.

இரண்டு மூட்டை தொங்கவிட்டோம். தாங்கியது. மூன்று. தாங்கியது. நான்காவதையும் சேர்த்து ஐந்தடி உயரத்திலிருந்து விழவிட்டோம். தொட்டி அதிர்ந்தது, கயிறு சிணுங்கக்கூட இல்லை. அடுத்த துண்டையும் அப்படியே பார்த்தோம். ஒரு நாருக்கும் கேடில்லை.

பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கயிறு நல்லாத்தான் கீது," என்றார்.

"ஆமாம்," என்றேன்.

நான் செய்தது சரி என்று அந்தக் கயிறு அறுந்து காட்டியிருக்கலாம். அது அந்த உதவியைச் செய்யவில்லை. பாய் மூட்டைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு விளக்கத்தில், கயிற்றைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை என்றும், மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் வெட்டுவேன் என்றும் எழுதினேன். மறுநாள் என் மனைவி அதன் நகலைப் படித்துவிட்டு, இரண்டாவது வரியை எடுத்துவிடலாமே என்றாள். எடுக்கவில்லை. தைரியத்தினால் அல்ல. தட்டச்சு ஆகிவிட்டது.

பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. விமானியும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது, அதனால்தான் விஷயம் அதோடு நின்றது. வேடிக்கை என்னவென்றால், மெமோவோடு சேர்ந்து கோப்பும் நகர்ந்து, ஆறே வாரத்தில் புதுக் கயிறு இரண்டு வந்துவிட்டன. ஸ்டோர்காரரின் இரண்டாவது சாவியை வாங்கிக்கொண்டேன். பாய் பயிற்சிக்கு வந்தார், எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். தொட்டுப் பார்க்க வேண்டியதைத் தொட்டுப் பார்த்தார். "சரி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "சரி" என்றார். அதைத் தவிர என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. டீ குடிக்கும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மூன்று மாதம்.

மே மாதம் உண்மையான தீ வந்தது. பகல் பன்னிரண்டு மணி. ரயில் பாதைப் பக்கமிருந்து தொடங்கி, மேல்காற்றோடு கிடங்குகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அன்று ஹெலிகாப்டர் வரும் நாளாக அமைந்தது எங்கள் சாமர்த்தியம் அல்ல. மண்வெட்டி, அரிவாள், நனைத்த சாக்கு எல்லாவற்றோடும் நான்கு பேர் ஏறினார்கள். தொட்டுப் பார்த்தோம். நான் பாயின் பட்டையைத் தொட்டேன், அவர் என்னுடையதைத் தொட்டார், முகத்தைப் பார்க்காமல்.

மேலிருந்து பார்த்தபோதுதான் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்தது. கிடங்குகளின் மண்மேடு, அதற்கு முன்னால் ஒரு மைதானத்தின் அகலம் புல், அதற்கு முன்னால் தீ. அந்தப் புல்லின் நடுவில் ஆட்களை இறக்கினால் மேட்டுக்கு முன்னால் வெட்டிச் சுத்தம் செய்துவிடலாம். விமானி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். நான் கதவருகே படுத்துக் கீழே பார்த்தேன். புகை ஒரு வீச்சு வந்து மூடியது, விலகியது, தரை தெரிந்தது, மறுபடியும் மூடியது. விலகும், விலகிய நொடியில் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். கிடங்குகளைப் பார்த்தேன். தீயைப் பார்த்தேன். மறுபடியும் தரையைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கினேன். அந்தக் கை இறங்கினால் பாய் இறங்க வேண்டும்.

இடது கதவில் வெளியே காலை ஊன்றி நின்றிருந்த பாய் தலையை அசைத்தார். இல்லை என்று. சத்தத்தில் குரல் கேட்காது. வாய் அசைந்தது தெரிந்தது: "வோணாம்."

என் கை அப்படியே நின்றது. நான் விமானியின் தோளைத் தட்டிக் கட்டை விரலைப் பின்னால் காட்டினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஹெலிகாப்டர் திரும்பியது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நாங்கள் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். புகை விலகியது. கீழே புல் இல்லை, பழைய முள்கம்பி வேலிச் சுருள்கள், துருப்பிடித்த கம்பங்கள் நிமிர்ந்து நின்றன, யாரோ எப்போதோ கொண்டுவந்து கொட்டியது. புகைக்கு நடுவில் எனக்குத் தரை என்று தெரிந்தது அதுதான்.

காற்றுக்கு எதிர்ப்பக்கம், தாங்கலின் காய்ந்த படுகையில் இறக்கினேன். நான்கு பேரும் இறங்கிய பிறகு, விமானியிடம் சைகை காட்டிவிட்டு நானும் இறங்கினேன். அது நடைமுறையில் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து கிடங்குகளுக்கு ஒரு பர்லாங்கு தூரம் முள்ளில் ஓடினோம். மண்வெட்டியும் அரிவாளுமாக மேட்டுக்கு முன்னால் இரண்டு ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கினோம். முழுவதும் செதுக்கி முடிப்பதற்குள் தீ வந்துவிட்டது. செதுக்காத இடத்தில் ஈரச் சாக்கால் அடித்தோம். என் புருவம் கருகியது. ஒருவருக்குக் கை கொப்பளித்தது. பிறகு தீ சாப்பிட ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டது. மேட்டின் மேல் புல் ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தோம். எல்லாரும் தரையில் இருந்தோம். கேட்கலாம்.

"ஏன் பாய் வேண்டாம்னீங்க?"

"தர தெர்ல," என்றார். "உன்னிய பாத்தேன். நீ தரைய பாக்கல, அந்தக் கெடங்கையே பாத்துகினு இருந்த," என்றார்.

"ஆமாம் பாய். தப்பு என்மேலதான்."

"சர்தான் வுடு." அவர் தன் முழங்காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கினார். "என் சின்னப் பொண்ணு இன்னும் கேட்டுக்கினே கீது, அன்னிக்கி ஏன் எறங்கலன்னு. ஞாயித்துக்கெயம ஊட்டாண்ட வா. நீயே வந்து சொல்லு."

"வர்றேன்."

"உன் சம்சாரத்தயும் இட்டா. பிரியாணி போட்றேன்."

எங்களை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் வரவில்லை, எரிபொருள் குறைந்து தளத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் கையேட்டில் இறங்குவதற்கு நாற்பத்திரண்டு பக்கம் இருந்தும் திரும்பி வருவதற்கு ஒரு பக்கமும் இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. தொழிற்சாலைப் பக்கம் முழுவதும் கனன்றுகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் சுற்றுச்சுவரில் ஒரு ஆள் நுழையும் உடைப்பு இருந்தது. அதன் வழியாக வெளியே வந்தோம். அப்படி ஒரு உடைப்பு இருப்பதை மறுநாள் எழுதித் தெரிவித்தேன். அதற்கும் ஒரு மெமோ வந்தது, நீங்கள் ஏன் அதன் வழியாக வெளியே போனீர்கள் என்று.

ரயில் பாதையோரமாகவே நடந்து பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு வந்தோம். ஆவடிக்கு மின்சார ரயில் ஏறினோம். தலைக்கவசம், இடுப்பில் கொக்கிகள், கரி அப்பிய முகம், ஐந்து பேர். பெட்டியில் எங்களுக்கு இடம்விட்டு எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள். கீரைக் கூடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் நகரவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இன்னா நைனா, ஷூட்டிங்கா?"

"ஆமாம்மா," என்றார் பாய்.

"யாரு ஹீரோ?"

பாய் என்னைக் காட்டினார். அந்த அம்மா என் கருகிய புருவத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.